முந்நூற்றி நாலுக்குச் சட்டம் எழுதப் போன கதை

போன வாடைக் காலத்தில் கடலுக்குப் போகேலாமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்த ஒரு கிழமை. ஓலைத்தொடுவாயில் அந்த மாதிரி நாட்களில் வாடிக்குள் என்ன நடக்கும் என்று இங்கே பிறந்த ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலத்தில் ஒரு பழைய சாக்கு, அதைச் சுத்தி நாலு பேர், அவர்களைச் சுத்தி இன்னும் பத்துப் பேர், நடுவில் விளிம்பு தேய்ஞ்ச ஒரு கடதாசிக் கூட்டம். முந்நூற்றி நாலு.

கம்பஸ் லீவில் வந்து நின்ற நாங்கள் சும்மா இருக்காமல், 'இதை ஒரு போட்டியா வைப்பமே' என்று தொடங்கினோம். பன்னிரண்டு சோடி பெயர் குடுத்தது. காசு வாங்குறதில்லை, வென்ற சோடிக்கு ரெண்டு சாரம், தோத்தவைக்குத் தேத்தண்ணி. ஒழுங்கெல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிஞ்சுது. பிறகுதான் பிரச்சினை. சட்டம் என்ன? ஊரில் எல்லாருக்கும் விளையாடத் தெரியும். ஆனால் சட்டத்தைச் சொல்லச் சொன்னால் ஒவ்வொரு வாடிக்கும் ஒரு சட்டம் இருந்தது. எங்களில் ஒருத்தன் ஃபோனில் போக்கர் விளையாடுறவன். அவன் அமெச்சூர் போக்கர் லீக் ஒன்றின் விதிப் பட்டியலை இறக்கிக்கொண்டு வந்து, "இதைத் தமிழாக்கினாப் போதும் மச்சான்" என்றான். போதவில்லை. ஏன் போதவில்லை என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்கு முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறோம். நாலு பேர், எதிரெதிராக இருக்கிற ரெண்டு பேர் ஒரு சோடி. ஏழுக்குக் கீழ்ப்பட்டவற்றை எடுத்துவிட்டு 32 கடதாசி. இதில் ராசாவும் ஆஸும் பெரியவர்கள் இல்லை. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்தைக் கூட்டினால் 76. நாலு இனத்துக்கும் 304. முதல் நாலு கடதாசி கிடைத்ததும் கேள்வி தொடங்கும், 160 இலிருந்து. ஏன் 160? சின்ன வயசில் இருந்து கேட்கிற இலக்கம், ஒருநாளும் யோசிச்சதில்லை. 304 இன் பாதி 152. பாதிக்கு மேல் எடுப்பன் என்று வாக்குக் குடுக்காதவனுக்குத் துரும்பு வைக்கிற உரிமை இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஜாக்கும் ஒன்பதும்தான் எங்களை ஊரை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனது. எங்களில் ஒருத்தியின் மச்சான் சுவிஸில் ரெஸ்டோரண்ட் ஒன்றில் வேலை செய்கிறார். இடைவேளையில் அங்கத்தைய ஆக்கள் 'யாஸ்' என்று ஒன்று விளையாடுறதைப் பார்த்துவிட்டு, ரெண்டாம் நாளே தானும் இருந்து விளையாடினாராம். "அது எங்கட விளையாட்டடி" என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பெரும்பாலும் சரிதான். யாஸ்ஸில் துரும்பு இனத்தின் ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14, அந்த ரெண்டுக்கும் பிறகுதான் ஆஸ். ஆட்டம் எங்களைப் போலவே வலப்பக்கமாகச் சுத்தும். சுவிட்சர்லாந்தில் இதைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவு 1796 இல் கிடைக்கிறது. கொண்டுவந்தது ஒல்லாந்திலிருந்து வந்த கூலிப்படையினர் என்று சொல்லப்படுகிறது. ஒல்லாந்தில் இதன் உறவான 'கிளாவர்யாஸ்' இன்றைக்கும் விளையாடப்படுகிறது. அதில் கடதாசிகளின் மொத்தப் புள்ளி 152. எங்கடையின் சரி பாதி. இது தற்செயலாகவும் இருக்கலாம், நாங்கள் கணக்கைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது உண்மை.

கேரளத்தின் 28, வங்காளத்தின் 29, எங்கட 304 எல்லாம் இந்த யாஸ் குடும்பத்துப் பிள்ளைகள் என்றுதான் கடதாசி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கருதுகிறார்கள். கடல் வழியாக வந்த ஒல்லாந்து வியாபாரிகளும் சிப்பாய்களும் கொண்டுவந்திருக்கலாம் என்பது ஊகம். எங்களைக் கேட்டால் இலங்கைக்கு அந்த ஊகம் இன்னும் கொஞ்சம் பலமாகவே பொருந்தும். காரணம் வாயில் இருக்கிறது. எங்கட அப்பப்பாமார் கடதாசி இனங்களைச் சொல்லும்போது இஸ்கோப்பன், கிளாவர், ஆர்த்தன், ரூவித்தன் என்பார்கள். ஊருக்கு ஊர் உச்சரிப்புக் கொஞ்சம் மாறும். சிங்களத்தில் இஸ்கோப்ப, கலாபர, ஹாரத, ருயித. ஒல்லாந்து மொழியில் ஸ்கொப்பன், கிளாவரன், ஹார்த்தன், ரௌத்தன். ஆங்கிலேயர் இந்தத் தீவை 1795 இல் பிடிக்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆண்டும், பள்ளிக்கூடத்துக்கு ஸ்பேட், ஹார்ட் என்று சொல்லிக் குடுத்தும், வாடிக்குள் இருக்கிற சொல் மாறவில்லை. துரும்பு என்பதும் ஒல்லாந்தரின் 'ட்ரூஃப்'க்குக் கிட்டத்தான் நிற்கிறது.

மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் எடுத்தது 1658 இல். கோட்டையில் அவர்கள் விட்டுப் போனதாகச் சுற்றுலாக்காரருக்குக் காட்டுவது இடிஞ்ச சுவரையும் கல்லறைக் கற்களையும்தான். சாக்கில் இருக்கிற இஸ்கோப்பனை யாரும் காட்டுவதில்லை.

இனி சட்டத்துக்கு வருவம். போக்கருக்கும் ஒருகாலத்தில் எங்கட வாடி நிலைமைதான். உலகப் போக்கர்த் தொடர் 1970 இல் தொடங்கியது. அதற்குப் பிறகும் முப்பது வருசம் ஒவ்வொரு கசினோவும் தன் தன் விதியோடு நடத்தியது. 2001 இல்தான் மாட் சாவேஜ், லிண்டா ஜோன்சன், ஜான் ஃபிஷர், டேவிட் லாம் ஆகிய நாலு பேர் சேர்ந்து போட்டி நடத்துநர்களுக்கு ஒரு சங்கம் அமைத்துப் பொது விதிகளை எழுதத் தொடங்கினார்கள். இன்றைக்கு மதுக்கடை லீக்கில் காசில்லாமல் விளையாடுகிறவர்களும் அந்த விதிகளைத்தான் வெட்டி ஒட்டுகிறார்கள். அதில் எங்களுக்குப் பிடிச்சவை கனக்க இருந்தன. உன் முறை வரும் முன்னம் வாய் திறக்காதே. வாயால் சொன்னது சொன்னதுதான், பிறகு 'நான் அதைச் சொல்லேல்லை' இல்லை. கடதாசி எப்பவும் மேசைக்கு மேலே, எல்லாருக்கும் தெரிய. இவற்றை அப்படியே எடுத்தோம். 'கேள்வி கேட்டால் திருப்பி எடுக்கேலாது' என்ற ஒரு வரிக்கே ரெண்டு பெரியவர்கள் கைதட்டினார்கள். அவர்களின் எதிராளிகள் தட்டவில்லை.

ஆனால் போக்கர் விதிகளின் அடியில் இருக்கிற கொள்கை 'ஒரு கைக்கு ஒரு ஆள்'. உன் கடதாசியைப் பற்றி முடிவெடுக்க வேறு எவனும் உதவக் கூடாது. 304 இல் எதிரே இருக்கிறவர்தான் பாதி மூளை. அதைவிட, போக்கர் எவரையும் நம்பச் சொல்லாது. கடைசியில் கடதாசியைத் திறந்து வைத்தால் அதுவே பேசும். 304 இல் துரும்பு கவிழ்ந்து கிடக்கும். இறக்கின இனம் கையில் இல்லாதவர் ஒரு கடதாசியைக் கவிழ்த்துப் போடுவார். துரும்பு வைத்தவர் மட்டும் அதை எடுத்துப் பார்ப்பார். துரும்பு இருந்தால் திறப்பார். இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கவிழ்த்து வைப்பார். மற்ற மூன்று பேரும் அந்த ஒற்றைச் சொல்லை நம்பி அடுத்த கடதாசியைப் போட வேண்டும். பொலிஸ் இல்லை, கெமரா இல்லை. இத்தனை வருசம் விளையாடியும், இந்த விளையாட்டு எவ்வளவு நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்று சட்டம் எழுத உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

மூன்றாம் சுற்றில் அந்த நம்பிக்கைதான் அறுந்தது.

ஒரு பக்கம் எங்கட ஊர்ப் பெரியப்பா ஒருவர். எதிரே அவரின் சோடி, எருக்கலம்பிட்டி நானா. ரெண்டு பேரும் இளந்தாரிகளாக இருந்த காலத்திலிருந்து ஒரே சாக்கில் இருந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவு மக்கள் கடல் வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். நானாவும் போனார். பிறகு புத்தளத்தில் இருபது வருசம். போர் முடிந்து திரும்பி வந்து வீட்டுக்குக் கூரை போட முன்னமே வாடிக்கு வந்து, "என்ர இடத்தில ஆரு இருக்கிறது?" என்று கேட்டாராம். காசு வைத்தால் எழும்பிவிடுவார். அவருக்கு மார்க்கம், எங்களுக்கு 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம். பொது இடத்தில் பந்தயம் வைத்து விளையாடுவதைக் குற்றமாக்கின சட்டம் அது. காசில்லாப் போட்டி என்று நாங்கள் முதல் வரியிலேயே எழுதினதற்கு ரெண்டும் காரணம்.

அந்தச் சுற்றில் நானா சோடி 200 கேட்டு வென்றது. எதிரில் இருந்த இளம் பெடியன் கடதாசியை எறிந்துவிட்டு, "நானா மூக்கைச் சொறிஞ்சா இஸ்கோப்பன், எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே" என்றான். வாடி அடங்கிப் போச்சு. நானா தன் கடதாசிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே போய்ச் செருப்பைப் போட்டார். பெரியப்பா எங்களைப் பார்த்தார். நடத்துகிறவர்கள் நாங்கள். எங்கட தாளில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

அன்றிரவு முழுக்க வாசித்தோம். இந்தச் சண்டைக்கு வயசு அதிகம். எட்மண்ட் ஹொய்ல் 1742 இல் விஸ்ட் விளையாட்டுக்கு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சோடியாக, வாய் பேசாமல் விளையாடுகிற விஸ்ட்டிலிருந்துதான் பிரிட்ஜ் வந்தது. பிரிட்ஜில் 1965 இல் புவெனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில், பிரித்தானியாவின் ரீஸும் ஷப்பீரோவும் கடதாசியைப் பிடிக்கிற விரல்களின் எண்ணிக்கையால் ஆர்த்தன் எத்தனை என்று காட்டினார்கள் என்று குற்றச்சாட்டு. உலகச் சம்மேளனம் குற்றவாளிகள் என்றது, பிரித்தானியாவில் நடந்த விசாரணை இல்லை என்றது. 1975 இல் பெர்முடாவில் சோடிகளுக்கு நடுவே மேசைக்குக் குறுக்காகத் திரை கட்டினார்கள். அதே போட்டியில் இத்தாலியச் சோடி ஒன்று மேசைக்குக் கீழே காலால் தட்டிப் பிடிபட்டது. பிறகு திரையைக் கீழேயும் இறக்கினார்கள். இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது, அதோடு ஒரு பயமும் வந்தது. எவ்வளவு பெரிய துணி வாங்கினாலும் காணாது.

இன்னொரு பக்கம், ஸ்பெயினில் 'மூஸ்' என்ற விளையாட்டில் கண் காட்டுவதும் உதடு கடிப்பதும் சட்டப்படி அனுமதி. எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும், எதிராளி பார்த்துவிடாமல் காட்டுவதுதான் கெட்டித்தனம். ஆக, மூக்கைச் சொறிவது தன்னளவில் பாவமில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டது எது என்பதுதான் கேள்வி, நாங்கள் அதைக் கேட்காமலே போட்டியைத் தொடங்கியிருந்தோம். பெடியனில் மட்டும் பிழை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் பெடியனையும் கூட்டிக்கொண்டு எருக்கலம்பிட்டிக்குப் போனோம். அவன் வாசலிலேயே "மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா" என்றான். நானா தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவனோட இவ்வளவு காலம் விளையாடினவனுக்கு மூக்குச் சொறியத் தேவையில்லை. அவன் கடதாசி இறக்க முன்னம் மூச்சு விடுறதிலயே எனக்கு விளங்கும். அதை என்ன செய்யப் போறீங்க?"

இதற்குப் பிரிட்ஜ் சட்டத்தில் பதில் இருக்கிறது. சோடி தயங்கியதிலிருந்தோ மூச்சிலிருந்தோ கிடைத்ததை வைத்து விளையாடக் கூடாது, தெரிந்தாலும் தெரியாதது போல விளையாட வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல சட்டம். வாடிக்குள் ஆர் பிடிக்கிறது?

எங்களுக்குள் ரெண்டு கட்சி. சோடியைச் சீட்டுக் குலுக்கித்தான் தெரிய வேண்டும் என்பது ஒன்று. கணக்குப்படி அதுதான் நேர்மை, பல இடங்களில் அப்படித்தான் நடத்துகிறார்கள். மற்றது: இருபது வருசம் கடலுக்கு அப்பால் பிரித்து வைக்கப்பட்ட ரெண்டு பேரை, நாங்களும் ஒரு குலுக்கல் பெட்டியால் பிரிக்கிறதா? வாக்கெடுப்பில் நாலுக்கு மூன்று. முதல் ரெண்டு சுற்றுக்கும் குலுக்கல், அதற்குப் பிறகு விரும்பின சோடி என்று முடித்தோம். எதிர்த்த மூன்று பேரில் இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்கிறவளும் ஒருத்தி. குலுக்கலே சரி என்று இப்பவும் நினைக்கிறாள், அதையும் எழுதச் சொன்னாள்.

மாட்டு வண்டி போன தடம் மாதிரி நீளமாக எழுதியிருந்த தாளை ஒரு பக்கத்துக்குச் சுருக்கினோம். கவிழ்த்த கடதாசியைப் பார்த்து "இல்லை" என்று பொய் சொன்னால் அந்தக் கை மட்டுமில்லை, போட்டியே முடிஞ்சுது. இனம் கையில் இருக்க வேறு இறக்கினால் அந்தக் கை தோல்வி. சுத்தி நிற்கிறவர்கள் வாய் திறந்தால் வெளியே. ஒருத்தர் மேல் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் கை முடிந்த பிறகு, நடத்துகிறவரிடம், மெதுவாக. கடைசி வரி: கடதாசி கையில் இருக்கும்போது முகத்தில் கை வைக்கக் கூடாது.

விட்ட இடத்திலிருந்து போட்டி திரும்பத் தொடங்கின அன்று காலையில் அந்தத் தாளை வாடிக் கப்பில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். மத்தியானம் போய்ப் பார்த்தால் கடைசி வரிக்குக் கீழே யாரோ பேனையால் எழுதியிருந்தார்கள்: 'நுளம்பு கடிச்சால்?'