கிராம் கணக்கும் பாகுத்தன்மையும்: நீரிழிவில் கரையும் நார்ச்சத்தின் இடம்

நீரிழிவுக்கு நார்ச்சத்துத் தூளைப் பரிந்துரைக்கையில் ‘நாளைக்கு எத்தனை கிராம்’ என்பதோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அது எந்த நார், சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறதா என்ற கேள்விகள் எழுவதில்லை. இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் கேட்காமல் கிராமை மட்டும் எண்ணுவது பயன்தராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான சான்று பழையது. டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1978இல் பல்வகை நார்களைக் குளுக்கோஸ் கரைசலில் கலந்து கொடுத்துச் சோதித்தனர். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின், அவற்றுள் மிகுந்த பாகுத்தன்மை கொண்டது. சர்க்கரை ஏற்றத்தை மிகுதியாக மட்டுப்படுத்தியதும் அதுவே. அதே பிசினை நீராற்பகுத்துப் பாகுத்தன்மையைப் போக்கிக் கொடுத்தபோது பலன் மறைந்தது. காரணம் விளங்கக்கூடியதே. கூழாகத் திரளும் நார் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. நொதிகள் மாவுச்சத்தைச் சென்றடைவதையும், குளுக்கோஸ் குடற்சுவரை எட்டுவதையும் மெதுவாக்குகிறது. இனுலின், கோதுமை டெக்ஸ்ட்ரின் போன்றவையும் கரையும் நார்களே. ஆனால் அவை நீரில் தடமின்றிக் கரைபவை, கூழாவதில்லை. குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் அவற்றிடமிருந்து இந்தத் தடுப்பை எதிர்பார்க்க முடியாது. ‘கரையும் நார்’ என்ற ஒரே பெயரில் இரண்டும் விற்கப்படுவதை நான் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

‘டயாபடீஸ் கேர்’ இதழில் 2019இல் வந்த தொகுப்பாய்வு, பாகுத்தன்மையுள்ள நார்களைப் பற்றிய 28 சோதனைகளைத் திரட்டியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 கிராம் என்ற இடைநிலை அளவில் சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 0.58 சதவீதப் புள்ளி குறைந்தது. மருந்தோடு சேர்க்கும் துணைக்கு இது மதிக்கத்தக்க பலன். ஆயினும் சோதனைகளின் இடைநிலைக் காலம் 8 வாரமே; இதைக் கொண்டு கண்ணும் சிறுநீரகமும் காக்கப்படும் என்று எவரும் உறுதியளிக்கக் கூடாது. கூழாகத் திரளும் மற்றொரு நாரான இசப்கோல் பற்றிய 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், தொடக்கத்தில் சர்க்கரை மிகுந்திருந்தவர்களுக்கே பலனும் மிகுந்திருந்தது. இயல்பான அளவுள்ளவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

நம் வீடுகளில் இசப்கோல் மலச்சிக்கலுக்கான பொருள்; இரவு படுக்கப் போகுமுன் குடிப்பது. அந்த நோக்கத்துக்கு அது சரி. மதியச் சோறு ஏற்றும் சர்க்கரையை அது எப்படித் தடுக்கும்? கூழ் திரளும் வேளையில் சோறும் உடனிருக்க வேண்டும். எனவே உணவோடு அல்லது உண்ணத் தொடங்குமுன் எடுப்பதே பொருத்தம். கொத்தவரங்காய்ப் பொரியலே போதுமே என்பாரும் உண்டு. பிசின் இருப்பது முற்றிய விதையில். பிஞ்சுக் காய் நல்ல உணவுதான், தூளுக்கு ஈடாகாது. அதற்காக உணவைத் தாழ்த்திவிடவும் வேண்டாம்: 2000இல் சந்தாலியா குழுவினர் 13 நோயாளிகளுக்குச் சாதாரண உணவுகளின் வழியாகவே நாளைக்கு 50 கிராம் நார் கொடுத்து, இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினர்.

மருத்துவர் கவனிக்க வேண்டியவை சில. தண்ணீர் குறைந்தால் தூள் உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். நீரிழிவால் இரைப்பை இயக்கம் தளர்ந்தவருக்கு இதைத் தரலாகாது. குவார் பிசின் மெட்பார்மின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இன்சுலின் அல்லது சல்போனைல்யூரியா எடுப்பவர் தூளைத் தொடங்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிடாதபடி கண்காணித்து, தேவையானால் மருந்தின் அளவை மாற்ற வேண்டும்.