நோட்டின் முதுகு

தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு பழைய புரோநோட்டு இருந்தது. 1937 ஐப்பசியில் எழுதியது. நூறு ரூபாய், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. ஒரு அணா ஸ்டாம்பில் ராஜா தலைமேல் தாத்தாவின் கையெழுத்து கோணலாக ஓடுகிறது. அவருக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான்.

திருச்சுழியில் நாற்பது வருஷம் பத்திரமும் மனுவும் எழுதியவன் நான். ரமண மகரிஷியின் தகப்பனார் சுந்தரம் ஐயரும் வக்கீலாகும் முன் இதே ஊரில் மனு எழுதிப் பிழைத்தவர்தான். எந்த நோட்டு கைக்கு வந்தாலும் முதலில் திருப்பி முதுகைத்தான் பார்ப்பேன். கடனின் ஆயுள் அங்கே இருக்கிறது.

நோட்டுக்கு மூன்று வருஷம்தான் உயிர். அதற்குள் ஐந்து ரூபாயாவது வரவு வைத்து, பின்பக்கம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னொரு மூன்று வருஷம் நீளும். இல்லையென்றால் புது நோட்டு. 1859இல் வந்த காலவரம்புச் சட்டம் கடன்பட்டவனைக் காக்கத்தான். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வட்டியை முதலாக்கும் வழியாக அது மாறியது. 1875இல் புனா, அகமத்நகர் பக்கத்துக் குடியானவர்கள் லேவாதேவிக்காரர்களின் பத்திரங்களைத் தேடித்தேடிக் கொளுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாத்தா வாங்கியது நூறல்ல, அறுபது. 1934இல் கரிசலில் பருத்தி விதைக்க வாங்கினார். மழை பொய்த்தது. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் நாற்பத்து மூன்று ரூபாய் சொச்சம். மூன்று ரூபாய் சொச்சத்தைக் கட்டிவிட்டு, மிச்சத்தை முதலோடு சேர்த்து நூறுக்கு எழுதிக்கொடுத்தார். பாட்டியின் பாம்படம் அதற்கு முன்பே அடகுக்குப் போயிருந்தது.

ஐந்தே மாதத்தில், 1938 மார்ச்சில், ராஜாஜி மந்திரிசபையின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. எத்தனை நோட்டு மாற்றியிருந்தாலும் முதன்முதலில் கைக்கு வந்த பணமே முதல். 1932 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய கடனுக்கு வருஷம் நூற்றுக்கு ஐந்து வட்டி. அந்தக் கணக்கில் தாத்தாவின் பாக்கி ஏறத்தாழ அறுபத்தேழு. பருத்தி விற்றுக் கட்டினார். முதுகில் ‘முழுவதும் பைசல்’ என்று கடன் கொடுத்தவரின் கை.

சின்னத்தாத்தாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தன் பங்கு ஒன்றரைக் குறுக்கம் நிலத்தை விற்றுவிட்டு அருப்புக்கோட்டையில் தறிக்குப் போனவர் அவர். நிலம் இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் விவசாயி. தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்குச் சேலைக்குச் சேலை கூலியில் பிடித்தம். அது தீராமல் வேறு முதலாளியிடம் பாவு வாங்க முடியாது. அண்ணன் தம்பி இருவரும் பட்ட கடன் மழையில்லாத அதே வருஷங்களில் பட்டதுதான். ஒருவரைச் சட்டம் பார்த்தது, மற்றவரைப் பார்க்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

கந்துவட்டி, மீட்டர் வட்டியெல்லாம் குற்றம் என்று 2003இல் சட்டம் வந்தும் ஆட்கள் மனு எழுத வரத்தான் செய்தார்கள். கடைசியாக வந்தது ஒரு பெண். ஒன்றும் எழுதாத நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். நாலு வாரம் தவணை தவறியதும் வாசலில் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள்.

“எம்புட்டுக் கட்டிருக்கேன்னு கேட்டா என்ன சொல்றதுண்ணே?”

“எழுதி வச்சியாம்மா?”

மகளின் கணக்கு நோட்டை நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடு, பென்சிலில். எண்ணினேன், நாற்பத்தொன்று. திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டிய மனுவோடு அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்தேன்.