கவிழ்த்துப் பாருங்கள்

பாலினேசியச் சிலை முகம் வைத்த, மதுபானம் ஊற்றும் பழைய டீக்கிக் கோப்பை ஒன்று கையில் கிடைத்தால் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கவிழ்த்து அடியைப் பாருங்கள். பிதுங்கிய கண்ணும், வரிசைப் பல்லும், ஏதோ தென்கடல் தீவுக் கோயிலிலிருந்து நேரே இறங்கி வந்த தோரணையும் யாரையும் ஏமாற்றிவிடும். அடிப்பாகம் அப்படி ஏமாற்றாது.

என் அலமாரியில் ஒன்று இருக்கிறது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் அதே பழுப்புப் பளபளப்பு. மேலிருந்து வழிந்து புருவத்தில் கட்டிக்கொண்டு நிற்கிறது. அடி வளையத்தில் மட்டும் பூச்சு இல்லை, விரலால் தடவினால் சொரசொரக்கும். வளையத்துக்குள் 'ஆர்க்கிட்ஸ் ஆஃப் ஹவாய்' என்று அச்சு, பக்கத்தில் 'ஜப்பான்', ஒரு மாடல் எண். பெயரில் ஹவாய் இருக்கிறதே தவிர, அந்தக் கம்பெனி இருந்தது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். மண்ணைப் பிசைந்து சுட்டது ஜப்பானியச் சூளை. அதில் ஊற்றிய ரம் கரீபியத் தீவுகளுடையது. கலந்து கொடுத்தவர் பெரும்பாலும் ஃபிலிப்பீன்ஸ்காரர். கூட வந்த சாப்பாடு கான்டனீஸ் சீனச் சமையல். பாலினேசியா என்று சொல்ல அதில் மிஞ்சுவது அந்த முகம் மட்டும்தான். அதையும் பல நேரம் பசிபிக் கடலைத் தாண்டாத ஓவியர் யாரோ வரைந்திருப்பார்.

பழைய பாலினேசிய பாணி உணவகங்களின் மிச்சங்களைச் சேர்ப்பவன் நான். கோப்பை, மெனு கார்டு, அட்டைத் தீப்பெட்டி, கலக்குக் குச்சி, சாம்பல் கிண்ணம் என்று எது கிடைத்தாலும் சரி. ஒய்-டூ-கே என்ற 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்யும் வேலைக்கு ஆள் பிடித்த காலத்தில், 1998ல், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு வந்தேன். அங்கே ஈஸ்ட் பிராட் ஸ்ட்ரீட்டில் கஹிக்கி சப்பர் கிளப் இருந்தது. அலுவலகத்தில் யாருக்குப் பிரிவு விருந்து என்றாலும் அங்கேதான்.

கடலைப் பார்க்க நாள் முழுக்கக் கார் ஓட்ட வேண்டிய ஊர் கொலம்பஸ். அந்த ஊரில் கவிழ்ந்த படகின் முதுகுபோல வானத்துக்கு எழும்பிய கூரை. வாசலில் ஈஸ்டர் தீவுப் பாணியில் இரண்டு மோவாய் கற்சிலைகள், தலையில் நெருப்பு எரியும். உள்ளே நுழைந்தால் ஒரு கிராமத் தெரு. இரு பக்கமும் குடிசைகளுக்குள் மேசைகள். ஒரு பக்கச் சுவர் முழுக்க மீன் தொட்டி, எதிர்ப்பக்கம் ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும், இடி இடிக்கும். குழாயில் வரும் மழைதான். கடைசியில் கூரையை முட்டும் ஒரு கல்முகம், அதன் வாய்தான் கணப்பு அடுப்பு. நான்கு பேர் குடிக்கும் மர்ம பானம் என்று ஒன்றைக் கேட்டால், ஒரு சேகண்டி அடிப்பார்கள். ஒரு பெண் கிண்ணத்தை ஏந்தி வந்து அந்த முகத்தின் முன் வணங்கிவிட்டு மேசைக்குக் கொண்டுவருவாள். நான் சைவம், குடிப்பதும் இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் அன்னாசித் துண்டும் காய்கறி வறுத்த சோறும்தான். ஆனாலும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். சினிமா செட்டுக்குள் சாப்பாடு போட்டால் எந்தத் தமிழன் வேண்டாம் என்பான்?

பில் சாப், லீ ஹென்றி என்ற இருவர் 1961ல் கட்டியது. 1997ல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் இடிக்கக் கூடாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி ஒன்றும் இல்லை. தனியார் கட்டடமானால் உரிமையாளர் விற்கலாம், இடிக்கலாம். 2000 ஆகஸ்டில் மூடினார்கள், இடித்தார்கள், அந்த இடத்தில் ஒரு மருந்துக்கடை எழுந்தது. கஹிக்கி என்ற பெயர் அதற்குப் பிறகு உறைபனி உணவுப் பெட்டிகளில் ஓடியது. என் சேகரிப்பு தொடங்கியது அந்த வருடம்தான்.

இந்தப் பாலினேசிய பாணி உணவக மோகத்தின் மூலபுருஷர் எர்னஸ்ட் ரேமண்ட் போமான்ட் கான்ட் என்பவர். இளமையில் கரீபியத்திலும் தென்பசிபிக்கிலும் சுற்றியவர். 1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது. அதையொட்டி ஹாலிவுட்டின் மெக்கேடன் பிளேஸில் ஒரு சின்னஞ்சிறு பார் திறந்தார். அன்றைக்கு விஸ்கியைவிட ரம் மலிவு. எனவே ரம். சுவரில் மீன்வலை, மிதவைக் கண்ணாடிக் குண்டு, கரை ஒதுங்கிய மரத்துண்டு. வாடிக்கையாளர் எழுந்திருக்கப் பார்த்தால் தகரக் கூரைமேல் ரப்பர் குழாயால் தண்ணீர் விடுவாராம். மழை பெய்கிறதே என்று இன்னொரு கோப்பை கேட்பார்கள். 'டான் த பீச்கோம்பர்' என்ற கடைப்பெயர் பின்னால் அவர் பெயராகவே ஆகி, சட்டப்படி டான் பீச் ஆனார்.

அவர் கடையில் பானங்களின் சேர்மானம் பரம ரகசியம். புட்டிகளில் பெயர் கிடையாது. மசாலா எண் 2, எண் 4, டான் கலவை என்றுதான் ஒட்டியிருக்கும். கலப்பவருக்கே உள்ளே என்ன என்று தெரியாது. அதனால் ஆளைப் பிடித்துப் போனாலும் போட்டிக் கடைக்காரனால் ஸோம்பி என்ற அந்தப் புகழ்பெற்ற பானத்தைச் செய்ய முடியவில்லை. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டோம் என்று விளம்பரம் வேறு.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் விக்டர் பெர்ஜெரான் 1934ல் 'ஹிங்கி டிங்க்ஸ்' என்ற சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். டானின் கடையைப் பார்த்துவிட்டு வந்து தன் கடையை 'டிரேடர் விக்ஸ்' ஆக்கினார். சிறுவயதில் காசநோயால் கால் இழந்தவர். மரக்கால் எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார். 1944ல் மாய் டாய் பானத்தை உருவாக்கியதாகச் சொல்லிக்கொண்டார். டான் தரப்பு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. பரப்பியது விக் என்பது மட்டும் நிச்சயம். ஓட்டல் ஓட்டலாகக் கிளை விரித்தவர் அவர்.

போருக்குப் பிறகு அலை பெரிதாயிற்று. பசிபிக்கில் போரிட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்குத் தீவுகள் பழக்கமாகியிருந்தன. 1947ல் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து பால்சா மரத் தெப்பத்தில் புறப்பட்டு 101 நாளில் பாலினேசியத் தீவொன்றின் பவளப்பாறையில் மோதிக் கரை சேர்ந்தார். தெப்பத்தின் பெயர் கோன்-டீக்கி. அந்தப் பெயரில் உணவகங்கள் முளைத்தன. 1959ல் ஹவாய் ஐம்பதாவது மாநிலமானது. டெட்ராய்ட், சிகாகோ, கொலம்பஸ் என்று பனி கொட்டும் ஊர்களிலெல்லாம் ஓலைக்கூரை. இவற்றுக்குச் செதுக்கு வேலை செய்து கொடுத்த பட்டறைகளில் முக்கியமானது கலிபோர்னியா விட்டியரின் ஓஷியானிக் ஆர்ட்ஸ். 1956ல் இரண்டு நண்பர்கள் தொடங்கியது, 2021ல் மூடினார்கள்.

1970களில் எல்லாம் சரிந்தது. அப்பன் ரசித்த பிளாஸ்டிக் சொர்க்கத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். வியட்நாம் போர்ப் படங்கள் தினமும் டிவியில் வந்த பிறகு மூங்கிலும் ஓலையும் வேறொன்றை நினைவூட்டின. 1980களில் வரிசையாக மூடினார்கள். நியூயார்க்கின் பிளாசா ஓட்டலை வாங்கிய டொனால்ட் டிரம்ப் அங்கிருந்த டிரேடர் விக்ஸை வெளியேற்றியதும் இந்தக் கதையில் ஒரு வரி.

மூடிய கடைகளின் கோப்பைகள் எங்கே போயின? வீடுகளில் ஏற்கெனவே நிறைய இருந்தன. சில உணவகங்களில் கூடுதல் காசு கொடுத்தால் கோப்பையைக் கொண்டுபோகலாம். கொடுக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. தாத்தா பாட்டி காலமானதும் பேரன்கள் அவற்றைக் கராஜ் சேலில் வைத்தார்கள். நான் வாங்கத் தொடங்கியபோது சில்லறைக் காசுக்கு வந்தவை இன்று நூறு டாலரைத் தாண்டும். விலையேற்றத்துக்கு ஒரு புத்தகம் முக்கியக் காரணம்: ஜெர்மனியில் பிறந்து ஹாலிவுட்டில் ஒளிப்பதிவாளராக இருந்த ஸ்வென் கிர்ஸ்டன் எழுதிய 'த புக் ஆஃப் டீக்கி'. கஹிக்கி மூடிய அதே 2000ல்தான் அது வெளிவந்தது. குப்பை என்று ஒதுக்கிய சாமானைத் தொல்லியல்போல வரிசைப்படுத்திக் காட்டினார் அவர்.

கோப்பையைவிட எனக்குப் பிடித்தவை காகிதச் சாமான்கள். கோப்பையின் காலத்தை ஊகிக்கத்தான் முடியும். ஜப்பானிய இறக்குமதிகள் பலவற்றில் மெல்லிய ஜிகினாத் தாள் ஒட்டியிருக்கும். ஒருமுறை கழுவினால் போயிற்று, பிறகு அது அநாதை. அட்டைத் தீப்பெட்டி அப்படியில்லை. முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இல்லையா? அநேகமாக 1963க்கு முந்தியது, அந்த வருடம்தான் அமெரிக்காவில் அந்த எண் வந்தது. தொலைபேசி எண் இரண்டு எழுத்தில் தொடங்குகிறதா? இன்னும் பழையதாக இருக்கலாம். உரசும் கருப்புப் பட்டை முன்பக்கம் இருந்தால் அநேகமாக 1970களின் நடுப்பகுதிக்கு முந்தியது. பொறி பறந்து மொத்தமும் பற்றிக்கொள்கிறது என்று பிறகு பின்பக்கம் மாற்றினார்கள். சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் புரட்டிப் பழகிய கண்ணுக்கு இது இன்பமான வேலை. அந்தக் காலத்து இரவு உணவகங்களில் மேசைக்கு மேசை வந்து படம் எடுத்து, அட்டை உறையில் வைத்து விற்பார்கள். அப்படிப்பட்ட உறைகளும் கிடைக்கும். கழுத்தில் மாலையோடு சிரிக்கும் தம்பதிகள். பின்னால், பாதி இருட்டில், தட்டோடு நிற்கும் பணியாளர்.

அந்தப் பணியாளரைத்தான் நான் தேடுகிறேன். மெனு கார்டில் முதலாளியின் படம் உண்டு, பானத்தின் படம் உண்டு; கலந்தவர் பெயர் கிடையாது. ஃபிலிப்பீன்ஸ் அன்று அமெரிக்காவின் காலனி. அதனால் அந்நாட்டு இளைஞர்கள் தடையின்றி வந்து பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் உழைத்தார்கள். 1934ல் வந்த சட்டம் ஆண்டுக்கு 50 பேர்தான் என்று கதவைச் சாத்தியது. ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் டான் பீச் கடையின் பார் மேசைக்குப் பின்னால் நின்றார்கள். வாடிக்கையாளர் கண்ணுக்கு அவர்களும் அலங்காரத்தில் ஒரு பகுதி, தென்கடல் தீவுக்காரர்கள்.

அங்கே வேலை பார்த்த டிக் சாண்டியாகோ என்ற பணியாளர் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். 1937ல் தொடங்கியது. அவர் மகள் அதை ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். அதிலும் ஸோம்பிக்கு நேரே 'டான் கலவை' என்றுதான் இருந்தது. பெர்ரி பழைய ஆட்களைத் துருவித் துருவிக் கேட்டு, மசாலா எண் 4 என்பது பட்டைத்தூள் மணமுள்ள சர்க்கரைப்பாகு, டான் கலவை என்பது அதோடு பம்ப்ளிமாஸ் இனத்துக் கிரேப்ஃப்ரூட் சாறு என்று கண்டுபிடித்து 2007ல் அச்சிட்டார். எழுபது வருட ரகசியம், நம் சமையலறை அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் பட்டை! மரியானோ லிக்குடீன் என்ற இன்னொருவரை, சிகாகோவிலிருந்து வந்த தார்ன்டன் சகோதரர்கள் 1956ல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் மாய்-காய் தொடங்கியபோது டான் கடையிலிருந்து அழைத்துக்கொண்டார்கள். அந்த உணவகத்தின் பானங்களுக்கு இன்றுவரை பேர் இருக்கிறதென்றால் அதற்கு அவரும் காரணம். புயல்மழையில் கூரை விழுந்து 2020ல் மூடிய மாய்-காய், 2024 நவம்பரில் மறுபடி திறந்தது.

பசிபிக் தீவு மக்கள் இந்த மோகத்தைப் பற்றிச் சொல்லும் குறையைச் சேகரிப்பாளர்கள் பலர் கேட்க விரும்புவதில்லை. எங்கள் மூதாதையரின் முகத்தில் ரம் ஊற்றிக் குடிக்கிறீர்களே என்கிறார்கள். அது நியாயம். அமெரிக்கர்கள் ஓலைக்கூரையின்கீழ் தீவுச் சொர்க்கத்தைக் கொண்டாடிய அதே வருடங்களில் பசிபிக்கின் பிக்கினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டு வெடித்துக்கொண்டிருந்தது. 1966லிருந்து பிரான்ஸ் பாலினேசியாவிலேயே, மொருரோவாவில், வெடித்தது. மெனு கார்டுகளில் தீவுப் பெண் இருக்கிறாள். அந்தத் தீவிலிருந்து யாரையெல்லாம் அப்புறப்படுத்தினார்கள் என்பது இல்லை. ஆகவே என் அலமாரியை நான் பாலினேசியச் சேகரிப்பு என்று சொல்வதில்லை. அது அமெரிக்காவின் சேகரிப்பு. இன்னும் கறாராகச் சொன்னால் ஆசியத் தொழிலாளர் சேகரிப்பு.

டானிடம் தொடக்க காலத்திலேயே வேலை பார்த்த ரே புஹென் என்ற ஃபிலிப்பீன்ஸ்காரர், 1961ல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் புல்வார்டில், வயலின் பழுதுபார்க்கும் கடையாக இருந்த ஓர் அறையில் 'டீக்கி-டீ' என்று சொந்தமாகத் திறந்தார். பிறகு மகன், பேரன் என்று குடும்பமே நடத்துகிறது. பெரிய முதலாளிகளின் மாளிகைகள் பல போய்விட்டன. கலந்து கொடுத்தவரின் கடை நிற்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்கள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பார் மேசையருகே இருக்கைகள் ஒரு டஜன்தான், மாலையில் சீக்கிரம் போய்விடுவது நல்லது.