ஆண்டு இறுதி போனஸ்: முதலாளி கொடுத்தே ஆகணுமா?

தீபாவளியோ டிசம்பரோ வந்தால், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களில் ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் போனஸ் உண்டா?"

சட்டம் என்ன சொல்லுது?
மலேசியாவின் 1955 வேலைச் சட்டம் போனஸைக் கட்டாயமாக்கவில்லை. 'சம்பளம்' என்பதற்கான விளக்கத்திலேயே ஆண்டு போனஸ் சேராது. இந்தியாவில் வேறு கதை. 1965-இல் வந்த போனஸ் சட்டம், தகுதியுள்ள தொழிலாளர்களுக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு என்று நிர்ணயித்தது.

அப்போ கேட்கவே முடியாதா?
கேட்கலாம். உங்கள் வேலை ஒப்பந்தத்திலோ, தொழிற்சங்கம் முதலாளி தரப்போடு செய்த கூட்டு ஒப்பந்தத்திலோ போனஸ் இவ்வளவு என்று எழுதியிருந்தால், முதலாளி கொடுத்தே ஆகணும். 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்று இருந்தால், உரிமையாகக் கேட்பது சிரமம்.

கொடுக்கலைன்னா?
தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள். ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்தை 69-ஆவது பிரிவின் கீழ் அங்கேயே விசாரிப்பார்கள். வக்கீல் வைக்கணும் என்ற கட்டாயம் இல்லை.

பிடித்தம் உண்டா?
போனஸுக்கு இபிஎஃப் உண்டு, முதலாளியும் தன் பங்கைச் செலுத்தணும். ஆண்டு போனஸுக்கு சொக்சோ கிடையாது.

அப்பா அம்மாவின் ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கா? இன்னிக்கே எடுத்து, போனஸ் பற்றிய வரியை அவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள்.