ஆமைக்கறியை விட்ட கடற்கரை

"இறைச்சியைக் குறைங்க, உடம்புக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது" என்ற பேச்சைப் பலரும் வெளிநாட்டுச் சரக்காகவே பார்க்கிறார்கள். ஆனால் தூத்துக்குடியைச் சுற்றியுள்ள முத்துக்குளித்துறைக்கு இது புதுசு இல்லை. ஒரு இறைச்சியைக் கிட்டத்தட்ட முழுசாகவே விட்ட வரலாறு அந்தக் கரைக்கு உண்டு. அது கடலாமைக் கறி.

பாம்பன், கீழக்கரை, தூத்துக்குடி எல்லாமே ஒரு காலத்தில் ஆமை வந்து இறங்கிய ஊர்கள். எஸ். ஜோன்ஸ், ஏ. பாஸ்டியன் ஃபெர்னாண்டோ என்ற ஆய்வாளர்கள் 1960-களில் கணக்குப் பார்த்தார்கள். மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 4,000 முதல் 5,000 ஆமைகள் பிடிபட்டன. அதில் முக்கால்வாசி பேராமை. கறிக்குப் பேர்போனது அதுதான். தூத்துக்குடியில் கறியோடு நிற்கவில்லை. மூலத்துக்கு மருந்து என்று ஆமையின் பச்சை ரத்தத்தைக் குடித்தவர்களும் இருந்தார்கள்.

மல்லாத்திப் போட்டால் ஆமை பல நாள் உயிரோடு கிடக்கும். ஐஸ் இல்லாத காலத்தில் கெடாத கறி என்றால் அதுதான். ஐரோப்பியக் கப்பல்களும் இதற்காகவே ஆமைகளை ஏற்றிப் போயின. எதிர்க்கரையில், யாழ்ப்பாணச் சந்தையில், உயிரோடு கிடக்கும் ஆமையிலிருந்தே துண்டு துண்டாக அறுத்து விற்றதை எமர்சன் டென்னன்ட் 19-ஆம் நூற்றாண்டில் அருவருப்போடு எழுதியிருக்கிறார்.

அதே டென்னன்ட் இன்னொரு செய்தியும் தருகிறார். 1840 அக்டோபரில், கொழும்புக்குத் தெற்கே பாணந்துறையில் ஆமைக்கறி சாப்பிட்ட 28 பேரில் 18 பேர் அன்றிரவே செத்துப்போனார்கள். நம்ம கரையிலும் 1961-ல் குலசேகரன்பட்டினத்திலும் 1977-ல் மணப்பாட்டிலும் ஆமைக்கறி உயிர்களை வாங்கியது.

பெரும்பாலும் காரணம் அழுங்காமை. அதன் முக்கிய இரை கடற்பஞ்சு. இரை வழியாக வரும் நஞ்சு அதன் உடம்பில் சேர்கிறது என்று கருதுகிறார்கள். வேகவைத்தாலும் அது போகாது, முறிமருந்தும் கிடையாது. தாய் சாப்பிட்டால் பால்குடிக்கிற பிள்ளையையும் தாக்கும். எந்த ஆமையில் நஞ்சு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. இலங்கைக் கரையில் ஈரலைக் காக்காய்க்குப் போட்டுப் பார்ப்பார்களாம். காக்காய் தொடாவிட்டால் கறி ஆகாது.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. சாவு பயம் மட்டும் பழக்கத்தை நிறுத்தவில்லை. காக்காய் சோதனை என்பதே தொடர்ந்து சாப்பிடுவதற்குத் தேடிய வழிதானே? நிறுத்தியது சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குக் கடலாமைகள் வந்தன. 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. சந்தையில் வெளிப்படையான விற்பனை போனது. திருட்டுத்தனமாக வெட்டுவது முழுசாக ஒழியவில்லை என்பதும் உண்மை. வலையில் தானாக வந்து மாட்டிய ஆமையைக்கூட விட்டுவிட வேண்டும் என்ற சுமை மீனவர் தலையில்தான் விழுந்தது. சாப்பிட்டவர்களுக்கு ஒரு ருசி போனது. பிடித்தவர்களுக்கு வருமானமே போனது.

கடலுக்கு என்ன லாபம்? பேராமை கடற்புல்லை மேய்கிறது. அழுங்காமை, பவளத்தை மூடி வளரும் பஞ்சுகளைத் தின்று பவளத்துக்கு இடம் விடுகிறது. நமக்கு விஷமாகிற அதே இரைதான் பவளப்பாறைக்குப் பாதுகாப்பு.

ஆட்டுக்கறியும் ஆமைக்கறியும் ஒன்றல்ல, ஒரே அளவுகோலால் அளக்கவும் கூடாது. ஆனால் "சாப்பாட்டுப் பழக்கமெல்லாம் மாறாதுங்க" என்று சொல்பவர்கள் இந்தக் கரையைக் கொஞ்சம் பார்க்கலாம். புகழ்பெற்ற தூத்துக்குடி முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அது நின்றது, எடுக்கச் சிப்பி இல்லாமல். ஆமைக்கறி நின்றது, கடலில் ஆமை இருக்கும்போதே.