பேகம்பேட் மழையும் கும்பகோணத்து ஓட்டும்

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். வருஷக் கணக்கு முடிக்கும் வேலையில் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். விட்டால் பிடிக்க முடியாது.

2020 அக்டோபர் 13-ஆம் தேதி ராத்திரி. ஹைதராபாத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பேகம்பேட் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் சுமார் 19 செ.மீ. மழை பதிவானது. எங்கள் அபார்ட்மெண்டில் செல்லார் முழுக்கத் தண்ணீர். (நம் ஊரில் பேஸ்மெண்ட் என்பதை இங்கே செல்லார் என்பார்கள்.) எனக்குப் போனது ஒரு ஸ்கூட்டர். செல்லாரில் ஒரே அறையில் குடியிருந்த வாட்ச்மேன் குடும்பத்துக்குப் போனது அரிசி, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம், எல்லாமே. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இரண்டு குழந்தைகளும் எங்கள் ஹாலில் படுத்துத் தூங்கின.

அப்புறம் சரியாக ஏழே வாரத்தில், டிசம்பர் 1-ஆம் தேதி, மாநகராட்சித் தேர்தல். ஊரே கோபத்தில் திரண்டு போய் ஓட்டுப் போட்டிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நூற்றுக்கு 47 பேர்கூட வரவில்லை. நானும் போகவில்லை. என் ஓட்டு கும்பகோணத்தில் இருந்தது!

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்த ஊர் நகராட்சியின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பி.காம். படித்தவன் வரலாறு எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹைதராபாத்தில் நகராட்சி நிர்வாகம் என்று ஒன்று தொடங்கியது 1869-இல், முதலாம் சாலார் ஜங் திவானாக இருந்தபோது. ஊரை நான்கு பகுதிகளாகவும் புறநகரை ஐந்து பகுதிகளாகவும் பிரித்தார்கள். எல்லாம் மேலிருந்து நியமனம்தான். மக்களுக்கு அதில் பேச்சே கிடையாது. 1908 செப்டம்பர் 28-ஆம் தேதி மூசி நதி பொங்கியது. இறந்தவர்கள் சுமார் 15,000 பேர் என்கிறார்கள். உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்டு 150 பேர் வரை பிழைத்தார்கள் என்று சொல்வார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. நிஜாம் அரசு விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. அவர் மேலே இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டச் சொன்னார். உஸ்மான் சாகர் 1920-இல் முடிந்தது, ஹிமாயத் சாகர் 1927-இல். 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் வந்தது. ஓட்டு இல்லாத காலத்தில், ஒரு வெள்ளத்துக்குப் பதிலாக இரண்டு ஏரி! 1933-இல்தான் சாதர்காட் நகராட்சியையும் சேர்த்துச் சட்டப்படியான மாநகராட்சி அமைந்தது. 1934-இல் முதல் தேர்தல்.

ராஜா ஆண்ட காலமே நல்லது என்று நான் சொல்ல வருவதாக யாரும் சண்டைக்கு வராதீர்கள். அந்த 15,000 பேரைச் சாக விட்டதும் அதே ஆட்சிதான். அரண்மனைக்குப் பக்கத்து நதி பொங்கினால் திட்டம் வரும். எங்கோ ஒரு சந்தில் தண்ணீர் நின்றால் யாருக்குத் தெரியும்? அதைச் சொல்லத்தான் வார்டுக்கு ஒருவர் வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த ஒருவர் இருந்தாரா என்று பாருங்கள். 1986-இல் தேர்ந்தெடுத்த மன்றம் 1991-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2002-இல்! நடுவில் 2000 ஆகஸ்ட் 24-ஆம் தேதி பேகம்பேட்டில் 24 செ.மீ. மழை கொட்டி, ஹுசேன் சாகருக்குப் போகும் குக்கட்பல்லி நாலா பொங்கியபோது, இந்த ஊரில் கார்ப்பரேட்டர் என்று ஒருத்தர்கூட இல்லை. தனி அதிகாரி ஆட்சி. அன்று பேகம்பேட்டில் இருந்த என் சீனியர் ஒருவர், "யாரைப் போய்த் திட்டுவது என்றே தெரியலைப்பா" என்பார். மழைநீர் வடிகாலுக்கு கிர்லோஸ்கர் ஆலோசகர்களின் அறிக்கை 2003-இல் வந்தது. அதில் பாதியாவது நடந்திருந்தால் 2020-இல் என் ஸ்கூட்டர் தப்பித்திருக்குமோ என்னவோ.

2007 ஏப்ரல் 16-இல் சுற்றியிருந்த 12 நகராட்சிகளையும் 8 கிராம ஊராட்சிகளையும் இணைத்துப் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சி ஆக்கினார்கள். 150 வார்டுகள் இருந்தன, எங்கள் பேகம்பேட் 149-ஆக இருந்தது. அதற்கும் தேர்தல் 2009 நவம்பரில்தான். அந்த மன்றத்தின் காலம் 2014 டிசம்பரில் முடிய, அடுத்தது 2016 பிப்ரவரியில். பேங்க்கில் ஒரு கிளையை மேனேஜர் இல்லாமல் ஒரு மாதம் விட்டால் ஆடிட்டர் உயிரை எடுத்துவிடுவார்.

தெலுங்குக்காரர்களைக் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். 1688-இல் தொடங்கிய நம் சென்னை மாநகராட்சியில் 1973-இல் கலைத்த மன்றத்துக்கு 1996-இல்தான் மறுபடி தேர்தல். 23 வருஷம்! அப்புறம் 2016-இலிருந்து 2022 வரை மறுபடியும் மன்றம் கிடையாது. 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோதும் சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை.

இங்கே தமிழ் நண்பர்கள் கூடினால் யாராவது ஒருவர் உத்திரமேரூரை இழுக்காமல் இருக்க மாட்டார். நானும் இழுத்துவிடுகிறேன். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 1,100 வருஷத்துக்கு முந்தியது. 30 குடும்பு, குடவோலை, எல்லாம் நமக்குப் பாடம். எனக்குப் பிடித்த விதி, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது என்பது. ஆனால் அதே கல்வெட்டில் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். அது பிராமணர் சபை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் நான் முதல் சுற்றிலேயே வெளியே!

இன்றைய சட்டத்தில் அப்படி இல்லை. வாடகைக்கு இருந்தாலும் போதும், பட்டியலில் பெயர் இருந்தால் சரி. அந்தப் பெயரை மாற்றத்தான் எனக்கு மனசு வரவில்லை. டிரான்ஸ்ஃபரில் வந்தவன், நாளைக்கே வேறு ஊர் போகலாம் என்று சொல்லிக்கொண்டே ஏழு வருஷம் ஓட்டிவிட்டேன். நிஜக் காரணம் அம்மா. "நிலத்தை வித்தாச்சு, வீடும் பாதிதான் நம்மளது. லிஸ்ட்ல பேராவது இருக்கட்டும்டா" என்றாள்.

அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: செகந்திராபாத்தில் மஹபூப் கல்லூரியை 1862-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார். பத்மாராவ் நகர் இன்றும் ஒரு முதலியார் பெயரில்தான் இருக்கிறது. அவர்கள் எல்லாம் ஊரை விட்டுவிட்டார்கள் என்றா அர்த்தம்? இருக்கிற ஊரையும் தங்கள் ஊர் என்று நினைத்தார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

2021-இல் விண்ணப்பம் போட்டேன். 2023 நவம்பர் 30-ஆம் தேதி சட்டமன்றத் தேர்தலில் இங்கே முதல் ஓட்டு. பட்டியலில் என் பெயரைத் தெலுங்கில் ஒரு எழுத்து தப்பாகத்தான் போட்டிருந்தார்கள். போகட்டும்.

விண்ணப்பம் போட்ட அன்றே ஒரு படிவம் எங்கள் வாட்ச்மேனுக்கும் எடுத்து வந்தேன். அவர் மஹபூப்நகர் பக்கத்துக் கிராமத்துக்காரர். 2020 தேர்தலில் அவரும் ஓட்டுப் போடவில்லை. அவர் பெயரும் ஊரில்தான் இருந்தது. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேண்டாம் சார்" என்று தெலுங்கில் சொன்னார். "பேரை எடுத்தா ஊர்ல நம்மளை மறந்துடுவாங்கன்னு அம்மா சொல்லுது."

நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அந்த வருஷ மழைக்கு முன்னால் அவர் குடும்பத்துக்கு மொட்டை மாடியில் ஒரு அறை கட்டிக் கொடுக்க அசோசியேஷன் கூட்டத்தில் பேசினேன். மூன்று கூட்டம் ஆனது. கட்டிவிட்டோம்.