பிட் ஸ்ட்ரீட்டின் கஞ்சிக் கணக்கு

பினாங்கில் நோன்பின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கிலிருக்கும் தீவு அது. ரமலான் எந்தப் பருவத்தில் வந்தாலும் சுமார் பதின்மூன்றரை மணி நேரம்தான். லண்டனில் கோடை நோன்பு பதினெட்டு மணியையும் தொடும். பகல் முழுக்கச் சேர்ந்த பசியை முடிப்பதற்குப் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரத் தமிழ் முஸ்லிம்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி. பிறகு மஃரிப் தொழுகை. சோறு அதற்கும் பிறகு.

உடல் இளைக்கச் சாப்பாட்டைக் குறைத்தவர்கள் பழைய அளவுக்குத் திரும்பும்போது தினசரி உணவை வாரத்துக்கு ஐம்பது, நூறு கலோரியாகக் கூட்ட வேண்டும் என்று இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்கிறார்கள். ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அந்தப் படிப்படியான ஏற்றத்தை ஒரு மாதம் முழுக்க, தினமும் ஒரே மாலைக்குள் நடத்திப் பார்க்கிறார்கள்.

சாலையின் பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட். பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட்டின் பெயர் அது. 1786இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டதும், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டைப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்கள் கப்பலேறி வந்து இங்கே கடை போட்டார்கள். அவர்களில் காதர் முகைதீனைத் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக, கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1801இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் பள்ளிவாசலுக்கென்று 18 ஏக்கர் நிலம் ஒதுக்கினார். இப்போது காணும் முகலாயக் குவிமாடங்கள் காதர் முகைதீன் காலத்தவை அல்ல. 1910களில் கட்டடக் கலைஞர் நியூப்ரோனர் வரைந்து எழுப்பியவை.

அந்த வணிகர்களின் கரையோர ஊர்களில் நோன்புக் கஞ்சி இல்லாத ரமலான் கிடையாது. அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, கொஞ்சம் கறி, கடைசியில் தேங்காய்ப்பால். சிங்கப்பூரில் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய ஜாமிஆ பள்ளியிலும் கஞ்சி உண்டு. பினாங்கில் பிற்பகலின் அஸர் தொழுகையை ஒட்டி மக்கள் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போவார்கள். தமிழ்நாட்டில் இது அரசு ஆணைக்குள்ளேயே நுழைந்துவிட்டது: 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்காக 5,450 டன் அரிசி அறிவிக்கப்பட்டது. அது கொரோனா ஊரடங்குக் காலம். பள்ளிவாசலில் கூடிக் குடிக்க முடியாது என்று தெரிந்தும் அரிசி மட்டும் நிற்கவில்லை.

கஞ்சியில் அப்படி என்ன இருக்கிறது? பெரும்பகுதி தண்ணீர், கூடவே உப்பு. பகலெல்லாம் வியர்த்த உடலுக்கு முதலில் வேண்டியவை இவைதான். பருப்பும் கறியும் கொஞ்சம் புரதம் தருகின்றன. கோப்பை காலியாவதற்குள் வயிறும் ஓரளவு நிரம்பிவிடும். அதைவிட முக்கியம், நடுவில் வரும் தொழுகை. நிறைவு உணர்வு மூளைக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரமாவது பிடிக்கும்; அந்தக் கால் மணி நேரத்தில் நோன்பாளி சோற்றுத் தட்டின் முன் இல்லை. இந்தச் சாலைக்குப் பின்புறத்தைக் காட்டி நிற்கும் மகாமாரியம்மன் கோவிலின் பக்தர்களுக்கும் பாரணை தெரியும்: ஏகாதசிப் பட்டினிக்கு மறுநாள் அகத்திக்கீரை, நெல்லிக்காய் என்று மெல்லத் தொடங்குவது.

அவசரப்பட்டு உண்பதன் ஆபத்தை மருத்துவ உலகம் கொடிய விலை கொடுத்துப் படித்தது. 1945 ஏப்ரலில் பெல்சன் நாஜி வதைமுகாம் மீட்கப்பட்டபோது, எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களுக்குப் படைவீரர்களின் கொழுத்த உணவைக் கொடுத்தார்கள். மீட்புக்குப் பிறகும் ஏறத்தாழ 14,000 பேர் இறந்தார்கள். டைபஸ் காய்ச்சல் பெருங்காரணம். தாங்க முடியாத உணவும் சிலரைக் கொன்றது. பிறகு 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட அரிசி, சர்க்கரைக் கூழைக் கொண்டுவந்தார்கள். இனிப்பு அதிகம் என்று ஐரோப்பியர்கள் ஒதுக்க, மிளகாய்ப் பொடி வகையான பாப்ரிக்காவைத் தூவிய பிறகே இறங்கியது. மசாலா சேர்த்த கஞ்சியின் அருமையை மரைக்காயர் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்கள்.

அதே ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு, உடல் எடையில் கால் பங்கு கரைந்த பின், நான்கு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு அளவில் உணவைக் கூட்டினார். குறைவாகக் கூட்டிய குழு தேறவே இல்லை. எல்லாருக்கும் அளவை உயர்த்த வேண்டியதாயிற்று. கட்டுப்பாடு நீங்கியதும் பலர் அடங்காப் பசியோடு உண்டார்கள். தசை மீளும் முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டியது.

ஆகவே மெதுவாகக் கூட்டுவது மந்திரமல்ல. நலிந்தவருக்கு அந்த வேகம் போதாது. தானே விரும்பி இளைத்தவரின் நிலை வேறு: எடை குறைந்த உடல் முன்பைவிடக் குறைவாகச் செலவழிக்கிறது, லெப்டின் என்னும் ஹார்மோன் இறங்கிப் பசியைத் தூண்டுகிறது. படிப்படியாகக் கூட்டுவது வளர்சிதை மாற்றத்தையே திருப்பிவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. எந்த அளவில் எடை நிலைக்கிறது என்று கண்டுகொள்ள அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி.

பினாங்கில் அந்த அவகாசத்தை விழுங்கும் எதிரியும் அதே சாலையில்தான். பள்ளிவாசலை ஒட்டிய நாசி கண்டார் கடையில் இரவில் வரிசை நிற்கும். ஒரு காலத்தில் காவடித் தண்டில் சுமந்துபோய்த் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சோறு அது. மூட்டை தூக்கியவனுக்கு அந்தச் சோற்றின் மேல் ஊற்றும் குழம்பு வெள்ளம் சரி. இன்று நிலை வேறு: 2023இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ கொண்டவர்கள். கஞ்சி குடித்துத் தொழுதுவிட்டு, தராவீஹ் என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு அந்த வரிசையில் போய் நின்றால் மாலையின் நிதானம் நடுநிசியில் கரைந்துவிடும்.

ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. குவிமாடத்தையும் மினாராவையும் அளந்து வரைந்து வைத்திருக்கிறார்கள். கஞ்சி அண்டாவையும் யாராவது அளக்க வேண்டும்: எத்தனை படி அரிசி, எத்தனை குடம் தண்ணீர், எத்தனை தேங்காய், ஒரு கோப்பைக்கு எத்தனை கலோரி. சமைக்கும் பெரியவர்கள் கைப்பக்குவத்தில் வைத்திருக்கும் அந்த அளவை, அவர்கள் இருக்கும்போதே பினாங்குத் தமிழ் மாணவர்கள் ஒரு ரமலானில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.